அலிக்காந்தேக் கொடியும் என் துடக்கும்

10.06.1992

அவர் செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவுச் சடங்கு முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முந்திரிகைப் பந்தலின் கீழ் போய் நின்றேன். திராட்சைக் கொடிகளெல்லாம் முற்றிய இலையோடு நிற்கின்றன. இந்தக் கிழமைக்குள் கத்தரித்தால்தான் மாரிக்கு முன் பழம் எடுக்கலாம். பிந்தினால் பழுக்கிற நேரம் மழை பிடித்துக் குலை குலையாக அழுகும்.

அவரின் தமையன் ஆழ்வாப்பிள்ளைப் பெரியத்தான் பின்னால் வந்து நின்றார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் கொடியிலை கை வைக்கக்கூடாது பிள்ளை. முந்திரிகை துடக்குத் தாங்காது, தீட்டுப் பட்டால் கருகிப்போம்."

என் புருஷன் செத்தால் நான் ஒரு மாதத்துக்கு நஞ்சு. அப்படித்தானே?

11.06

கோபம் ஆறவில்லை. யாரில் கோபம்? சண்டையென்று பெற்றோலை மறித்த அரசாங்கத்தில். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிடித்தது மண்ணெண்ணெயில் ஓடுகிற கார்தான், ஆனால் கிளப்புவதற்குச் சொட்டுப் பெற்றோல் வேண்டும். அது தேடி எடுத்து வருமுன்னமே அவரின் மூச்சு நின்றுவிட்டது. அவரிலும் கோபம். நெஞ்சு நோகிறதென்று ஒரு வார்த்தை சொன்னாரா?

12.06

லியோன் மாஸ்ரர் வந்தார். அடுத்த ஊர்த் தேவாலயத்துக்குப் பூசை வைன் வடிப்பவர். பாதை பூட்டியபின் கொழும்பிலிருந்து வைன் வருவதில்லை. மற்றத் தோட்டத்துப் பழம் தோல் மட்டும்தான் கறுப்பு, பிழிந்தால் வெளுத்த தண்ணீர். எங்களுடையது சதையே சிவப்பு. என் புருஷன் எங்கேயோ ஒரு வெளிநாட்டுச் சுவாமியாரிடம் தடி வாங்கி வந்து நட்டது. அலிக்காந்தே என்று பெயர்.

"போர்த்துக்கல்லின்ரை தெற்குப் பக்கம் உந்தக் கொடியிலை வடிக்கிற வைனுக்குத் தனிப் பேர், பிள்ளை. கண்ணாடிக் கோப்பையிலை விட்டால் மற்றப் பக்கம் தெரியாது" என்றார் மாஸ்ரர். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த முறை பழம் வருமோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் பெரியத்தான் முந்திக்கொண்டார். "சைவக் காணியிலை சாராயத்துக்கோ விளைவிக்கிறது? அந்தியேட்டி முடியட்டும். கொடியைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம் வைக்கப்போறன்."

வைக்கப்போறாராம்! இது என்ரை சீதனக் காணி. என்ரை அப்பு எனக்கு எழுதித் தந்தது. இவர் ஆர் பிடுங்க?

14.06

வெட்டினேன். ஒரு கொடி விடாமல் கத்தரித்தாயிற்று.

15.06

ஊருக்கே தெரிந்துவிட்டது. பெரியத்தானின் பெண்சாதி நல்லம்மா மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உனக்கு விசரோடி?" என்றாள். "தாலி கழட்டின கையாலை கொடியை வெட்டியிருக்கிறாய்."

அவரின் தோள் மூட்டுப் பிசகி எத்தனை வருடம்? அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வெட்டியது நான்தான். ஏணியைப் பிடித்தது அவர். காய்த்ததெல்லாம் அவர் கை ராசி என்றுதான் ஊர் சொன்னது. நானும் சிரித்துக்கொண்டு இருந்தேன். இனிச் சிரிக்க மாட்டேன்.

04.07

அந்தியேட்டி முடிந்தது. பெரியத்தானுக்கும் அதே துடக்குத்தானே, அதனால் சந்தைக்கென்று எங்கள் தடியில் நட்ட தன் பந்தலையும் தொடாமல் இருந்தவர், இன்று கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வெட்டினார். என் பந்தலில் துளிர் விட்டுப் பூங்குலை தெரிகிறது. பிடுங்குகிற கதையை அவர் எடுக்கவில்லை. "காய்க்குதோ பாப்பம்" என்று மட்டும் சொன்னாராம்.

09.08

இலையில் வெள்ளைப் பூஞ்சணம். மயில்துத்தத் துருசு தெளித்தால் ஒரு நாளில் நிற்கும். அதுவும் தடைசெய்த சாமான். துருசில் என்ன குண்டா செய்கிறோம்? சுண்ணாம்புத் தண்ணீரும் சாம்பலும் தெளித்து, நோய் பிடித்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறேன்.

பயமாக இருக்கிறது. கொடி கருகினால் பூஞ்சணம் என்று ஒருவரும் சொல்லார். என் பெயரைச் சொல்லி, இரத்தினம்மாவின் துடக்கு என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு பெரியத்தானை மறிக்க எனக்கு வாயும் இராது.

28.09

பழம் எடுத்தோம். நடுவில் குண்டு போடுகிற பொம்பர் வந்து சுற்றியது. நானும் லியோன் மாஸ்ரரும் கூடையோடு பந்தலின் கீழ் குப்புறக் கிடந்தோம். எழும்பிப் பார்த்தால் மாஸ்ரரின் வெள்ளைச் சேட்டெல்லாம் சிவப்பு. எங்கே காயம் என்று கத்தினேன். "பழம் பிள்ளை, பழம்" என்றார். அவர் போனபின் தனியே இருந்து அழுதேன். செத்தவீட்டில்கூட இப்படி அழவில்லை.

21.10

மூன்று நாளாக மழை. பெரியத்தானின் பழமெல்லாம் வெடித்து ஈ மொய்க்கிறது. சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

பின்னேரம் வந்து என் பந்தலை அண்ணாந்து பார்த்தார். "தம்பி மேலையிருந்து உன்ரை கொடியைப் பாத்தவன்" என்றார்.

மேலே இருந்து ஒருவரும் சாம்பல் தெளிக்கவில்லை. செத்த பிறகும் அவர் கை ராசிதானா?

07.06.1993

காலையில் பெரியத்தான் வேலிப் படலையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"எப்ப வெட்டலாம் பிள்ளை?"

"நாளைக்கு. உங்கடை பந்தலையும் நான்தான் வெட்டுவன்" என்றேன். "இண்டைக்கு எனக்கு மாதத் துடக்குத் தொடங்கிட்டுது. அதையும் தெரிஞ்சுகொள்ளுங்கோ."

அவர் முகம் கறுத்தது. படலையை இழுத்துச் சாத்தினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஏணி நான் கொண்டு வாறன்" என்றார்.