யூதாவின் மண்பெண்

2012 யூலை 9, திங்கள்
மழை. இந்த நாட்டில் யூலைதான் குளிர்காலம், ஹீட்டர் பழுது. நூலகப் புத்தகங்கள் திருப்ப வேண்டும். வென்ட்வேர்த்வில் கடையில் தங்கச்சிக்குக் கூழ் காய்ச்ச ஒடியல் மா. பிறகு ஆய்வேட்டின் 3ஆம் அத்தியாயம்.

பழைய யூதா நாட்டு வீடுகளில் கிடைத்த களிமண் உருவங்கள். இரு கையாலும் மார்பைத் தாங்கி நிற்கும் பெண். தெய்வமா, நேர்த்திக்கு வைத்ததா, பிள்ளைகளின் பொம்மையா? பேராசிரியர் ஏதாவது ஒரு பக்கம் சாயச் சொல்கிறார். பொம்மை என்றால் பிரச்சினை இல்லை, வேதத்து நாட்டில் விக்கிரகமா என்று எங்கள் சபைப் போதகரும் சண்டைக்கு வரமாட்டார்.

தங்கச்சி சாந்தி எட்டிப் பார்த்தாள். வயிற்றில் ஐந்து மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை.

"அண்ணா, இதை ஏன் வீட்டுக்குள்ள வச்சிருந்தவை?"

"பிள்ளை பிறக்க, பால் சுரக்க எண்டு சிலர் சொல்லினம்."

"குடுத்ததாமோ?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

யூலை 12, வியாழன்
வெயில், ஆனாலும் குளிர். உடுப்புத் தோய்க்கும் முறை என்னுடையது. சாந்தியின் தலையணை உறைக்குள் அந்த மண்பெண்ணின் படம், நாலாய் மடித்து. என் பிரிண்டரில் எடுத்தது. சுரூபம், சிலை எதுவும் வைக்காத வேதக்காரர் நாங்கள், சிலுவைகூட வெறுஞ்சிலுவைதான். நல்ல எரிச்சல்.

"விசரே உனக்கு? அது வெறும் பொம்மையாயும் இருக்கலாம்."

"இருக்கட்டும். கேட்டவையில ஒராளுக்காவது குடுத்திருக்கும்தானே. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் என்றால் அவள் புருஷன். பேக்கரியில் இரவு வேலை, பாவம். சொல்லவில்லை. படத்தைப் புது உறைக்குள் நானே வைத்தேன்.

யூலை 17, செவ்வாய்
ஆஸ்பத்திரி. விடியவே இரத்தம். மச்சான் மாவு உடுப்போடு ஓடி வந்தான். ஸ்கானில் துடிப்பில்லை.

பெண் பிள்ளை. துணியில் சுற்றித் தந்தார்கள். மச்சான் கை நீட்டவில்லை, நான் வாங்கினேன். பாரமே இல்லை.

கர்த்தர் மேல் ஆத்திரம். "அவர் சித்தம்" என்று ஃபோனில் சொன்ன போதகர் மேல் அதைவிட ஆத்திரம்.

யூலை 21, சனி
காற்று. சபை ஆட்கள் கொண்டுவந்த இடியப்பம் குசினியில் அப்படியே. மச்சான் வேலைக்குப் போய்விட்டான், போகாவிட்டால் வேலை போய்விடும். பேரா. மின்னஞ்சல்: முடிவு என்ன?

'பொம்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று தட்டினேன். சாந்தி பின்னால் நின்றிருக்கிறாள், தெரியவில்லை. நாலு நாளாய்ப் படுக்கையை விட்டு எழும்பாதவள்.

"படத்தைக் கிழிச்சுக் குப்பைக்குள்ள போட்டுட்டன்."

"சரியம்மா. போய்ப் படு."

"பொம்மை எண்டு எழுதாதேங்கோ அண்ணா."

"ஏன்?"

"பொம்மையோட ஆரும் இவ்வளவு கோவிப்பினமே?"