குலசேகரன்பட்டினத்துக்கு நான் வந்து சேர்ந்த விதம்

இன்று காலை பிள்ளைக்கு மீனெண்ணெய் கொடுத்தேன். ஒன்றரை வயதாகியும் எடை ஏறவில்லை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த புட்டி. மூடியைத் திறந்ததும் அந்த வாடை குபீரென்று எழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பினான். நான் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். "என்னளா, மலைச்சுப் போய் நிக்கே? பிள்ளை வாயைத் துடை" என்று மாமியார் சத்தம் போட்ட பிறகுதான் கை அசைந்தது.

அவருக்கு அது மருந்து வாடை. எனக்கு உன் சைக்கிள் செயின்.

உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். நீ இருந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளை தூங்குகிறான். அவன் விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

அப்போது சண்டைக் காலம். விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடைக்காதபோது சைக்கிளுக்கு எண்ணெய் எங்கே? நீதான் கடற்கரையிலிருந்து ஒரு சிரட்டை நிறையச் சுறா எண்ணெய் கொண்டுவந்தாய். நான் மூக்கைப் பொத்தினேன். "தோணிக்குப் பூசுதோம்ளா. வருசக்கணக்கா உப்புத் தண்ணியில கெடக்கு, ஒண்ணும் ஆகல்ல. இந்தச் செயினுக்கு என்ன வந்துச்சு?" என்றாய். நான் பி.ஏ. படித்தவள். நீ டிரெயினிங் முடித்தவள். ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருவரும் டீச்சர்கள். செயின் விஷயத்தில் நம் இருவருக்கும் சேர்த்து இருந்த அறிவு அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்குக் குலசேகரன்பட்டினத்தில் இருந்த உன் அக்கா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவோம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. முப்பது மைலுக்கு மேல். பள்ளிக்கூட வளாகத்துக்குள் வேப்பமரத்தைச் சுற்றி வருவதைத் தவிர நான் சைக்கிள் மிதித்தது இல்லை. நீயோ தெருவிலேயே மிதிப்பவள். அதற்காகத்தான் உன் அண்ணனோடு தினமும் சண்டை. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஊரார் பேசுவதை அங்கே அவர்தானே கேட்டாக வேண்டும்?

அன்று உன் வீட்டு முற்றத்தில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு பேரும் போய்ச் சேந்திட்டியன்னா, அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். நீ எங்கன வேணாலும் போ. ஆனா ஒருத்தி குறைஞ்சாலும் சைக்கிளை உத்தரத்துல கட்டித் தொங்க விட்டுருவேன்."

"எழுதித் தாரியா?" என்றாய்.

"எதுக்கு எழுதணும்? முள்ளக்காடு தாண்டுமுன்ன மாட்டுவண்டி தேடுவிய, பாரு."

நீ என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாய். "இவளைப் பாத்தா மாட்டுவண்டி தேடுத ஆளு மாதிரியா இருக்கு?" என்றாய். அப்படித்தான் இருந்தேன். நீ ஒருத்திதான் அப்படிப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் பழகினோம். விடியும் வேளையில் உப்பளத்து வரப்புச் சாலை. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள். உன்னிடம் இருந்தது ஒரு லேடீஸ் சைக்கிள். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ ஒருவர் உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதை எனக்குத் தந்துவிட்டு, அண்ணனுடைய உயரமான சைக்கிளில் சேலையை மடித்துச் செருகிக்கொண்டு நீ ஏறினாய். "கம்பி தடுக்குமே" என்றேன். "தடுக்கட்டும். உனக்குத்தான் விழுந்துருவோமோன்னு பயம். எனக்கு விழுந்து பழக்கம்." நானும் பழகினேன். முழங்காலில் இன்றும் தழும்பு இருக்கிறது.

அந்த வரப்பில் உட்கார்ந்து அவித்த கிழங்கு தின்னும்போதுதான் கயிற்றைப் பற்றிச் சொன்னாய். உன் அப்பா சங்குக் குளிக்கப் போகிறவர். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பது உன் மாமா. அம்மாவின் தம்பி. வேறு யார் கையிலும் அப்பா கயிற்றைக் கொடுக்க மாட்டாராம். "தன் அக்கா தாலி இருக்குத கயிறுல்லா? வேற எவன் பிடிச்சாலும் ஒரு கொட்டாவி விட்டுருவான். மாமா விடமாட்டாரு." கீழே ஒரு இழுப்பு வந்தால் மேலே இருப்பவர் எதையும் யோசிப்பதில்லை. இழுக்கிறார். அவ்வளவுதான்.

பிறகு நமக்கும் ஒரு கயிறு செய்தாய். முன்னால் போகிறவள் மணியை ஒருமுறை அடிக்க வேண்டும். இருக்கிறாயா என்று பொருள். பின்னால் வருகிறவள் இரண்டுமுறை அடிக்க வேண்டும். இருக்கிறேன், வருகிறேன். "பதில் வராட்டா நான் திரும்பிருவேன்" என்றாய்.

வைகாசி. கச்சான் என்ற மேல்காற்று எழும்புவதற்குள் பாதி தூரம் தாண்டிவிட வேண்டும் என்று தோணிக்காரரைப் போலக் கணக்குப் போட்டு, இருட்டு விலகுமுன் என்னையும் கிளப்பினாய். முள்ளக்காட்டைத் தாண்டியபோது நீ சத்தமாக, "அண்ணே, மாட்டுவண்டி எங்க?" என்று வெறும் சாலையைக் கேட்டாய். ஆற்றைக் கடந்து, வாழைத் தோட்டங்களைக் கடந்து, ஆறுமுகநேரியில் மோர் வாங்கிக் குடித்தோம். காயல்பட்டணத்தில் ஒரு பெரியவர் குடையைத் தாழ்த்தி நம்மை உற்றுப் பார்த்து, "எங்கிட்டும்மா போறிய?" என்றார். "குலசைக்கு" என்றாய். "அல்லா!" என்றார். அதற்கே எனக்கு இரண்டு மைல் தெம்பு வந்தது. திருச்செந்தூர் வரையில் நான் மிதித்தேன். அது உண்மை. அதை மட்டும் நம்பு.

அதற்கப்புறம் தேரி மேடுகள். செம்மணல் பறந்து வந்து சாலையை மூடிக் கிடந்தது. உன் சுறா எண்ணெய் தோணிக்குச் செய்த நன்மையைச் செயினுக்குச் செய்யவில்லை. மணல் அதில் ஒட்டி ஒட்டிக் களியாகிவிட்டது. முதல்முறை என் சைக்கிளின் செயின் கழன்றபோது நீ சேலைத் தலைப்பாலேயே துடைத்து மாட்டினாய். இரண்டாம் முறையும் நீதான். மூன்றாம் முறை நீ வெகுதூரம் முன்னால் போயிருந்தாய். சாலை பனைகளுக்குள் வளைந்து வளைந்து போயிற்று. உன்னைக் காணவில்லை. மணி மட்டும் கேட்டது. ஒருமுறை.

இரண்டுமுறை அடித்தேன். பனையடியில் உட்கார்ந்தேன். முழங்கால் வீங்கியிருந்தது. அழுகை வந்தது. பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது, கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு.

"என்ன தாயி, தனியா இங்கன இருக்கிய?" என்றார் வண்டிக்காரர்.

"செயின் கழண்டு போச்சு அண்ணாச்சி."

"ஏறுங்க. சைக்கிளையும் தூக்கிப் போடுவோம். நானும் குலசைக்குத்தான்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

நீயும் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். அதனால்தான் வண்டியின் வேகத்துக்கும் உன் மணி எட்டாமல் போகவில்லை. மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் சிப்பங்களின் மேல் சாய்ந்தபடி, கிடத்தியிருந்த சைக்கிளின் மணியைக் கட்டைவிரலால் இரண்டிரண்டு முறை அடித்தேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "யாருக்குத் தாயி அடிக்கிய?" என்றார்.

ஊர் தெரிந்ததும் இறங்கிக்கொண்டேன். அவரே செயினை மாட்டிக் கொடுத்தார். அரை மைல் இருக்கும். மிதித்தேன்.

ஊர் எல்லையில் வெயிலில் நின்றிருந்தாய். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் கன்னத்தைச் செயின் மசி படிந்த கையால் பிடித்தாய். "வந்துட்டியேளா! காலைப் பாரு, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. இதை வச்சிக்கிட்டா மிதிச்சே?" சொல்ல அப்போது ஒரு நிமிஷம் கிடைத்தது. உன் அண்ணனின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. உனக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. உன் முகத்தில் என்னைப் பற்றி இருந்த அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பதநீர் ஊற்றித் தந்த உன் அக்கா என்னை நெருங்கி முகர்ந்து, "என்னளா, இவ மேல கருப்பட்டி வாசம் அடிக்கு?" என்றார். நான் பதநீரைத் தூக்கி முகத்தை மறைத்துக் குடித்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அவ பனங்காட்டுப் பிள்ளைல்லாக்கா. வேர்த்தாலே கருப்பட்டிதான்."

மூன்றாம் நாள், கரி எரித்து ஓடிய கரிபஸ்ஸின் தலையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். உன் அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. அதற்கப்புறம் நீ எங்கே போனாலும் அவர் வாய் திறக்கவில்லை. நீயோ என்னைப் பற்றியே பேசித் திரிந்தாய். டீச்சர்களிடம், பிள்ளைகளிடம், மார்க்கெட்டில். "கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்னா எனக்கு இவ போதும்." ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தாய்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே இரண்டு தெரு. பிள்ளை பிறந்து ஐம்பதாவது நாள் உன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். "டைபாய்டுன்னு சொல்லுதாங்க தங்கச்சி. ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுதா." பிள்ளை மடியில் இருந்தான். காய்ச்சல் என்ற சொல் கேட்டதுமே அவனை இழுத்து மூடிக்கொண்டேன். "நாளைக்கு வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். உள்ளே இருந்தபடியே அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் வந்தது என்னைக் கூப்பிடுவதற்கு அல்ல.

பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு தெரு நடந்து வந்து, உன் சன்னலுக்கு வெளியே நின்றாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தொட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும்.

மாதாகோவிலில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் அண்ணன் அந்த லேடீஸ் சைக்கிளின் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அழுததைப் பார்த்துத் தேற்றுவதற்காகச் சொன்னார், பாவம். "அவ உங்க மேல கோவிக்கவே இல்ல தங்கச்சி. 'அவ வருவா அண்ணே. செயின் கழண்டிருக்கும், தள்ளிக்கிட்டு வாரா. குலசைக்கு வரலியா?'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. தெருவுல எவன் சைக்கிள் மணி கேட்டாலும், ரெண்டு தடவை அடிச்சிச்சான்னு கேப்பா."

ஏளா, நான் வண்டியில்தான் வந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரியிலிருந்து ஊர் எல்லை வரை, கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் படுத்துக்கொண்டு வந்தேன். அன்றே சொல்லியிருந்தால் நீ ஏசியிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். ஆனால் நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருக்கும். கடைசி நாட்களில் எனக்காகக் காத்துக் கிடந்திருக்க மாட்டாய். கயிற்றை வேறு யார் கையிலாவது கொடுத்திருப்பாய்.

இந்த வீட்டில் எல்லோரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். பிள்ளை முனகினாலே எழுந்து ஓடுகிறேனாம். "பிள்ளையச் சீக்காளி ஆக்குததே நீதான்" என்கிறார் மாமியார். ஏன் ஓடுகிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை.

உன் மணி இப்போது அவனுடைய விளையாட்டுச் சாமான். தரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தப் பழகிவிட்டான். பலம் போதாது. ஒருமுறைதான் அடிக்கும். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிடுகிறேன். இருந்த இடத்திலிருந்து பதில் சொல்வதை விட்டுவிட்டேன். எழுந்து போய் அவன் முன்னால் நிற்கிறேன்.

விழித்துவிட்டான். இதோ, அடிக்கிறான்.