பெல் க்ரீக் வாக்குச்சாவடியைத் தேவாலயக் கூடத்துக்கே திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ரோஷெல் பிக்கெட்,
கல்லூரி விரிவுரையாளர்,
மல்பெரி தெரு, பெல் க்ரீக், ஜார்ஜியா.

பெறுநர்:
தேர்தல் அலுவலர் அவர்கள்,
டன்மோர் கவுண்டி.

பொருள்: வாக்குச்சாவடி இடமாற்றத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தேவாலயக் கூடத்தில் இருந்த வாக்குச்சாவடி, இம்முறை நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. அங்கே பேருந்து செல்வதில்லை, நடைபாதையும் இல்லை.

2. சென்ற புதன்கிழமை அதே கூடத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. கவுண்டி ஆணையர் பதவிக்குப் போட்டியிடும் இருவரும், எங்களைப் போன்ற கறுப்பின வாக்காளர்களுக்கு முக்கியமான பிரச்சினைகள் என்று யாரோ அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துப் பேசினார்கள். அத்தகைய தாள்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.

3. நடுவில் என் பக்கத்து வீட்டுக்காரர் மிஸ் எர்லீன் எழுந்து ஒற்றை விரலை உயர்த்தினார். எங்கள் சபையில் பாதியில் வெளியே போகிறவர் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பது வழக்கம். வேட்பாளர் திரு. வின்ஸ்லோ அதை அறியாமல், "கேளுங்கம்மா, கேளுங்க" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல தம்பி. கடைசி பஸ்ஸு போயிடும். இந்த முட்டிய வச்சுக்கிட்டு நடக்க முடியாது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

"இன்னிக்கு வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான்!" என்றார் பாடகர் குழுவின் ரூஃபஸ். கூடமே சிரித்தது. திரு. வின்ஸ்லோ தாளை மடித்து வைத்தார். "அப்போ ஓட்டுப் போட எப்படிப் போவீங்க?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றபடி மிஸ் எர்லீன் போய்விட்டார்.

அதன்பின் இருவரும் பேருந்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். வென்றால் பேருந்துத் தடத்தைத் தீயணைப்பு நிலையம் வரை நீட்டிப்பதாக இருவருமே உறுதியளித்தார்கள். நான் கைதட்டினேன் என்பதைச் சற்று வியப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. ஆனால் அது வென்ற பிறகு. அவர்கள் மறந்தால் நினைவூட்ட, மிஸ் எர்லீன் கையில் இப்போதே ஒரு வாக்கு இருக்க வேண்டும்.

5. தபால் வாக்கு உண்டே என்பீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். "இந்த ஓட்டுக்காக எங்கப்பா அடி வாங்கினாரு. தபால் பொட்டியில போட்டுட்டு வர்றதுக்கா? தொப்பி வச்சுக்கிட்டு, வரிசையில நின்னுதான் போடுவேன், கண்ணு." அந்தத் தொப்பி ஊதா நிறம். ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு முன்னால் நின்று மறைக்கும். இம்முறையும் மறைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

6. இம்மனுவை அவருக்குப் படித்துக் காட்டினேன். "படிச்சவ இல்லியா, நீளமாத்தான் எழுதுவே. ஓட்டுப் பொட்டிய திரும்பக் கொண்டாங்கன்னா போதாதா?" என்றார்.

போதும். பெட்டியைத் திரும்பக் கொண்டுவர ஆணையிடுங்கள் ஐயா.

இடம்: பெல் க்ரீக்
நாள்: அக்டோபர் 7

இப்படிக்கு,
ரோஷெல் பிக்கெட்
(வரிசையில் மிஸ் எர்லீனுக்கு அடுத்தவர்)