முப்பத்தேழு பேரைக் காணவில்லை

மார்ச் 4
இல்லை, அவசரத்தில் ஸ்கிரிப்டை வெட்டவில்லை. வேறு வழியில்லை. மருத்துவமனையின் பழைய சர்வரிலிருந்து நோயாளிப் பதிவுகளை ஏற்றும் கட்டளைகள் மொத்தமும் ஒரே ஸ்கிரிப்டில். புது சர்வரில் ஓடவிட்டால் பாதியிலேயே மெமரி நிரம்பி விழுகிறது. மூன்று முறை. இரண்டு லட்சம் வரிக்கு ஒன்றாக முப்பத்தெட்டுத் துண்டுகள் போட்டேன். பிழை வந்தாலும் நிற்காதே என்று அமைத்தேன். ஓடி முடிந்தது. வார்டுகள் இன்றே புது சர்வருக்கு மாறிவிட்டன.

மார்ச் 5
நர்ஸ் போன் செய்தார். "மூணாம் பெட் அம்மாவுக்கு ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு இருந்துச்சே, கம்ப்யூட்டர்ல ஆளையே காணோமே?" நல்லவேளை, அவருக்கு ஞாபகம் இருந்தது.
எண்ணினேன். முப்பத்தேழு பேர் இல்லை. பழைய சர்வரிலிருந்து கையால் ஏற்றினேன்.
அழித்தது யார்?

மார்ச் 6
அழிக்கும் அனுமதி இருவருக்குத்தான். எனக்கு. பழைய சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பூட்டு அண்ணனுக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுப் போகிற மனிதர். புது சர்வரே வேண்டாம் என்றவர்.
"அண்ணே, முந்தாநேத்து சர்வருக்குள்ள போனீங்களா?"
"போவேன், வருவேன். நம்ம வீடுதானேம்மா அது."
சிரித்தார். ஏன் சிரிக்க வேண்டும்?

மார்ச் 8
சோதனை சர்வரில் மறுபடி ஓட்டினேன். காணாமல் போனது அதே முப்பத்தேழு பேர். ஒருவர்கூட மாறவில்லை. தற்செயலா இது? அண்ணன் பட்டியல் வைத்துக்கொண்டு அழிக்கிறார். சோதனை சர்வரின் சாவியும் அவரிடம்தானே.

மார்ச் 9
மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அண்ணனின் அனுமதியைப் பறித்துவிட்டார்கள். நாளை மறுநாள் விசாரணை. வேலை போகலாம்.
"என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா," என்றார். எழுந்து போகும்போது திரையைப் பூட்டவில்லை. பூட்டுவதற்கு எதுவும் இல்லை.

மார்ச் 10
விசாரணைக்கு ஆதாரம் தேடி மூன்றாம் பெட் அம்மாவை ஸ்கிரிப்டில் தேடினேன். பெயரும் வயதும் முதல் துண்டின் கடைசி வரிகளில். ஒத்துக்கொள்ளாத ஊசி, இரண்டாம் துண்டின் தொடக்கத்தில்.
காணாமல் போன அடுத்தவரைப் பார்த்தேன். அப்படியே. அதற்கடுத்தவரும்.
ஒரு பதிவு முப்பது நாற்பது வரி. நான் வரியை எண்ணி வெட்டினேன் — ஆள் எங்கே முடிகிறார் என்று பார்க்கவில்லை. முப்பத்தெட்டுத் துண்டு, முப்பத்தேழு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒருவர் இரண்டாகி, எந்தப் பாதியும் ஏறவில்லை. பிழை என்று ஸ்கிரிப்ட் கத்தியிருக்கும். நிற்காதேன்னு சொன்னது யாரு? நான்தானே.

மார்ச் 11
பதிவு முடியும் இடங்களில் வெட்டி, சோதனை சர்வரில் ஓட்டினேன். எல்லோரும் வந்துவிட்டார்கள்.
முதலில் அண்ணன் மேசைக்குப் போய்ச் சொன்னேன். வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு தடவ காட்டியிருந்தா ரெண்டே நிமிஷ வேலைம்மா."
விசாரணைக்கு நான் எழுதிய கடிதத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இருந்தது. அடித்துவிட்டு, 'தவறு நான் செய்தது' என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.