நீங்கள் காரணமில்லை

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். இது கடிதத்துக்காக எழுதும் நலம் இல்லை. டாக்டர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த நலம். போனில் சொன்னால் கப்பலில் உங்கள் அறைக்காரர் மூன்று பேர் காதும் நம் பக்கம்தான் இருக்கும். அதனால்தான் நாளை உங்கள் கப்பலில் ஏறப்போகும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன்.

போன லீவில் நாம் சேர்ந்திருந்தபோது எனக்கு ரத்தம் பட்டதே, அதைப் பற்றித்தான். முதல் தடவை, மாதவிலக்கு முந்திக்கொண்டது என்று சமாளித்தேன். அடுத்த தடவை நீங்கள் விளக்கைப் போட்டுப் பார்த்தீர்கள். வலித்ததா என்று மூன்று முறை கேட்டீர்கள். இல்லை என்றேன், நீங்கள் நம்பவில்லை. மறுநாளிலிருந்து முதுகுவலி என்று கூடத்தில் படுத்தீர்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு பயம், எனக்கு அதைவிடப் பெரிய பயம். என் பெரியம்மா எந்த நோயில் போனாள் என்று உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் கிளம்பிய பிறகும் மாதவிலக்குக்கு நடுவில் திட்டுத்திட்டாகப் பட்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதுகூட, எனக்குப் பிறகு நம் பெண்ணுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்றே நினைப்பு ஓடியது. அந்த நினைப்பில் இரண்டு லென்ஸ் பாழ். கடைசியில் கண்டுபிடித்தது உங்கள் தங்கை. வாளியில் ஊறிய துணியைப் பார்த்துவிட்டு எத்தனை நாளாக என்று கேட்டாள். நான்கு மாதம் என்றதும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கூச்சமாக இருக்கிறது என்றேன். பல்வலி வந்தால் வாயைத் திறக்கக் கூச்சப்படுவீர்களா அண்ணி என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நேராகவே கேட்டார். நான் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னேன். இப்படிப் படுவதற்குப் பல காரணம் உண்டாம். வறட்சியில் தோல் உரசியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம், கர்ப்பப்பையின் வாய் சிவந்து மென்மையாகியிருக்கலாம், அங்கே சதை வளர்ந்திருக்கலாம். எப்போதாவது, பெரியம்மாவுக்கு வந்ததுபோல, புற்றுநோயாகவும் இருக்குமாம். அதனால் பரிசோதிக்காமல் பயப்படவும் கூடாது, பயந்துகொண்டு பரிசோதிக்காமல் விடவும் கூடாது என்றார்.

எனக்கு இருந்தது சதை வளர்ச்சி. பாலிப் என்கிறார்கள். ஒரு கடலை அளவுதான்! திருகி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுருக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அதையும், கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரியையும் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை முடிவு வந்தது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நான் சிரிக்கிறேன், கணக்கு டீச்சரான உங்கள் தங்கை அழுகிறாள். கண்ணில் தூசியாம். பிறகு ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

படியிறங்கும் முன்பே டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தன்னால்தான் என்று நினைக்கிறார் என்றேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அவர் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. அது லேசா பட்டாலே கசியுற சதைம்மா.” மறுபடி ரத்தம் பட்டால் உடனே வரச் சொன்னார். மற்றபடி இனி வழக்கம்போல இருக்கலாமாம். இதை எழுதும்போதே எனக்கு முகம் சூடாகிறது.

இன்னொன்று. சாயங்காலம் எலக்ட்ரீஷியன் அண்ணன் போன் செய்தார். நீங்கள் இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே இருக்க எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாமே. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். நானும் தெரிந்ததுபோல உம் கொட்டினேன். வேலைக்காக என்றால் இருங்கள், தடுக்க மாட்டேன். என்னை நோகடித்துவிடுவோமோ என்று பயந்துதான் என்றால், வந்துவிடுங்கள். எனக்கு நோகவில்லை. அன்றும் நோகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி