மேட்டில் முறுக்கியவருக்கு

என்னங்க,

நானும் என் அண்ணனும் தண்ணி கேன் வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போறோம். கிளட்ச் கருகிப்போச்சு. கைப்பிடியில கிளட்ச் இல்லாத வண்டின்னா எஞ்சினுக்குள்ளேயும் இல்லைன்னு நினைச்சீங்களோ? நேத்து மேட்டுல பிரேக்கை மிதிக்காம, ஆக்ஸிலேட்டரை முறுக்கியே மூணு சக்கரத்தையும் உருளாம நிறுத்திக்கிட்டு, தையல்காரர்கிட்ட உலகக் கதையையே அலசினீங்களே, ஜன்னல்ல பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். உள்ளே கிளட்ச் வழுக்கி வழுக்கித் தேய, எஞ்சின் கத்தினது தெருவுக்கே கேட்டுது, உங்க காதுக்கு மட்டும் எட்டலை. கேட்டா, "நான் ஓட்டாத வண்டியா?"ன்னு வாய் வேற.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவியைத் தேடாதீங்க, இனிமே அது என்கிட்டதான்.

மேட்டு வீட்டுக்கு ரெண்டு தண்ணி கேன் போகணும். தோள்ல தூக்கிட்டு நடங்க.

பி.கு.: மூச்சு வாங்கினா கேனை இறக்கி வச்சுட்டு நில்லுங்க. தூக்கிப் பிடிச்சு முக்கிக்கிட்டே நிக்காதீங்க. கிளட்ச் போனா வேற கிடைக்கும், உங்க இடுப்புக்கு நான் எந்தக் கடையில போய் நிப்பேன்?