காதுக்கு எட்டின கோடு

மஞ்சக்குட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜாபெசுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த கிளாஸ்கோ குளிர்ல சளி புடிக்காம இருக்கோணும்னு தினமும் ஜெபம் பண்றோம் கண்ணு. போன்ல பேசினா நீ அவசரப்படுத்துவ, அதான் உக்காந்து எழுதி போட்டோ புடிச்சு அனுப்பறேன். இங்க ஒரு வாரமா மழை, அப்பா மிளகை ஹாலுக்குள்ளயே பரப்பி வெச்சிருக்காரு, கால் வைக்க எடமில்ல.

சங்கதி நம்ம பக்கத்து ஊட்டு வெண்ணிலா பத்தி. கண்ணு தெரியாட்டியும் ப்ளஸ் ஒன்ல கணக்குதான் எடுப்பேன்னு நின்ன புள்ளை, அவளுக்காகத்தானே நீ கிராஃபையெல்லாம் சத்தமா மாத்தி அனுப்புன. கோடு ஏறுனா சத்தம் ஏறும், எறங்குனா எறங்கும், அவ கேட்டுக்கிட்டே அட்டையில கம்பளி நூலை ஒட்டிக் காட்டுவா. அப்புறம் பாதியில அறுந்து வேற உசரத்துல தொடங்கற கோடுன்னு ஒரு பாடம் வந்துச்சு, அங்கதான் சிக்கல். அவ நூலை அறுக்காம ஒட்டிட்டா. கணக்கு வாத்தியாரு தேவசிகாமணி, இந்தப் பாடத்தை விட்டுடும்மா, வேறதுல மார்க் வாங்கிக்கலாம்னு நல்ல மனசோடதான் சொன்னாராம். அவ நேரா நம்ம ஊட்டுக்கு வந்து அட்டையை என் மடியில வெச்சு, அண்ணன் வெச்ச சத்தம் பொய் சொல்லுதுங்க அத்தைன்னா. எனக்கு வந்துச்சே கோவம், எம்மவன் மெனக்கெட்டு செஞ்சதை நொட்டை சொல்றியான்னு கேட்டுட்டேன். அவ போனை என் காதுல வெச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்கன்னா. கேட்டேன். கோடு அறுந்த எடத்துல சத்தம் நிக்கவே இல்ல சாமி, கீழயிருந்து மேல வழுக்கிக்கிட்டே போச்சு. நமக்குத்தான் அது அறுந்த கோடு, அவளுக்கு ஒரே கோடு. அந்த ஞாயித்துக்கிழமை நீ நொம்ப சந்தோசமா பேசினயா, சொல்ல எனக்கு வாய் வரல, அவளே போன்ல பேசிப் பதிஞ்சு உனக்கு அனுப்பிட்டா. நீயும் கோவிச்சுக்காம மூணே நாள்ல மாத்திக் குடுத்த. அதுக்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

நேத்து பரீட்சை. தகரக் கூரையில மழை அடிக்கற சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு வாத்தியாரு அவளை லைப்ரரியில உக்கார வெச்சாராம். இப்பத்தான் கோடு அறுந்தா சத்தமும் நின்னு, புது உசரத்துல தொடங்குதே, அறுந்த ரெண்டு முனையில எது கணக்குல சேரும்னு காட்ட ஒரு புள்ளி வெப்பாங்களாமே, அது இருக்கற முனையில டிக்னு ஒரு சத்தம் வேற. நாலு கிராஃபும் சரியா ஒட்டிட்டா. வாத்தியாரு தானும் கண்ணை மூடிக் கேட்டுப் பாத்து, ரெண்டாவதுல புள்ளி எங்கேன்னு தெரியாம முழிச்சாராம். கீழ் முனையிலங்க சார்னு அவதான் சொல்லிக் குடுத்தாளாம். இனிமே எந்தப் பாடத்தையும் விட வேண்டாம்னுட்டாரு. சாயங்காலம் அவ வந்தப்ப, அன்னிக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்காத சாமின்னேன். அதை நான் அன்னிக்கே மறந்துட்டனுங்க அத்தைன்னா. எனக்குத்தான் கண்ணு கலங்கிருச்சு.

உனக்கு நன்றி சொன்னாளான்னு கேக்காத. டிக் சத்தம் ஓவரா இருக்கு, கொறைக்கச் சொல்லுங்கன்னா. அடுத்து ஒரு கோடு வருதாம், மேல மேல போயிக்கிட்டே இருக்குமாம், ஒரு எடத்தைத் தாண்டுனா அந்தப் பக்கம் பாதாளத்துலயிருந்து ஏறி வருமாம். அதுக்கு அண்ணன் என்ன சத்தம் வெப்பாருன்னு கேக்கறா. நீ கையில எடுக்கற வேலையெல்லாம் கர்த்தர் கூட இருந்து முடிச்சுத் தருவாரு. காதை மூடற குல்லா போட்டுக்கிட்டு வெளிய போ. அந்தப் பாடம் திங்கக்கிழமை கண்ணு, மறந்துடாத.

உன் அம்மா,
இன்பமேரி